சுது கங்கையும் நமது கைகளும்

ஓர் ஆற்றைப் பார்த்து ஒருவர் தனியே வரைந்தால் அது ஓவியம். அந்த ஆற்றோடு வாழும் பலர் கூடி, தமக்குத் தெரிந்ததை ஒரே ஆக்கமாகச் செய்தால் அது சமூகக் கலை. முன்னையதில் திறமை முதலிடம் பெறும். பின்னையதில் பங்கேற்பு முதலிடம் பெறும். இக்கலை நமது மாத்தளைக்கு எவ்வாறு பொருந்தும்?

முதலில் ஆற்றை அறிவோம். 'சுது' என்னும் சிங்களச் சொல்லுக்கு வெண்மை என்பது பொருள். நமது நகரை ஒட்டி ஓடும் சுது கங்கை, அம்பன் கங்கையோடு கலந்து மகாவலியைச் சேர்கிறது. 1976 முதல் அதற்கு மற்றொரு பணியும் உண்டு. பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீரின் ஒரு பகுதி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, பின்னர் சுது கங்கையில் விடப்படுகிறது. அந்நீர் போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, வடமத்திய மாகாண வயல்கள் வரை செல்கிறது. ஆகவே நமது பாலத்தின் கீழ் ஓடுவது நமக்கு மட்டும் உரிய நீர் அன்று. யாரோ ஒரு விவசாயியின் நெல்லும் அதில் இருக்கிறது.

பிற நகரங்கள் தமது ஆறுகளைக் கலையால் எவ்வாறு அணுகின? இரு உதாரணங்களைப் பார்ப்போம்.

2016இல் தென்னாபிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிஜ், ரோம் நகரின் டைபர் ஆற்றங்கரைச் சுவரில் சுமார் 500 மீற்றர் நீளத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட உருவங்களை அமைத்தார். அதற்கு அவர் நிறம் எதுவும் பூசவில்லை. அச்சு வெட்டிய தகடுகளைச் சுவரில் பொருத்தி, சுற்றியிருந்த அழுக்கை நீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். கழுவாமல் விட்ட கறையே உருவமாக நின்றது. சுவரில் மீண்டும் அழுக்குப் படியப் படிய அவ்வுருவங்கள் மங்கிவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

2011இல் டில்லியின் யமுனையையும் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்து எல்பே ஆற்றையும் இணைத்து ஒரு கலைத்திட்டம் நடைபெற்றது. அதில் அசிம் வாகிஃப் என்னும் கலைஞர், எறியப்பட்ட பிளாஸ்டிக் போத்தல்களைக் கொண்டு 'உதவி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஆற்றில் மிதக்கவிட்டார். குப்பையே எழுத்தாயிற்று.

இவை புகழ்பெற்ற கலைஞர்களின் வடிவமைப்புகள். பல கைகள் கூடிச் செய்யும் முறைக்கு நாம் தூரம் செல்லத் தேவையில்லை. நகருக்கு வடக்கே அலுவிகாரையில், எனா டி சில்வா (1922–2015) கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து பத்திக், தையல் வேலைப்பாடு ஆகியவற்றை வளர்த்தார். பத்திக்கில் மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. ஒருவர் வரைய, ஒருவர் மெழுகிட, ஒருவர் சாயம் தோய்க்கலாம். ஆற்றைப் பற்றிய நீண்ட துணி ஒன்றை ஒரு வகுப்பே சேர்ந்து செய்வதற்கு இது ஏற்ற முறை.

அதற்கான படிகள்:

1. வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேளுங்கள். உம்மம்மா சிறுவயதில் கண்ட ஆறு எப்படி இருந்தது? எங்கே குளித்தார்கள், எங்கே துணி துவைத்தார்கள்? தமிழ், சிங்கள அயலவரிடமும் கேளுங்கள்.

2. ஆசிரியருடன் சென்று, கரையில் நின்று கவனியுங்கள். மின்நிலையத்திலிருந்து நீர் விடப்படும்போது மட்டம் உயரக்கூடும். ஆற்றில் இறங்க வேண்டாம்.

3. கேட்டதையும் கண்டதையும் ஆளுக்கொரு துண்டுத் துணியில் வரைந்து, உக்குவளையிலிருந்து போவதென்ன வரையான வரிசையில் இணையுங்கள்.

4. சாயக் கழிவு நீரை வடிகானில் ஊற்றாதீர்கள். ஆற்றைப் பாடும் கலை ஆற்றைக் கெடுக்கலாகாது.

கலை ஆற்றைச் சுத்தமாக்கிவிடாது. அது மாநகர சபையின் கடமையும் நமது பழக்கமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆனால் பாலத்தில் தினமும் ஆற்றைப் பாராமல் கடந்து போகும் நம்மைக் கலை ஒரு கணம் நிறுத்தும். ஓர் இடத்தை உற்றுப் பார்த்து வரைந்த கைக்கு, அங்கே ஒரு பையை வீசி எறிய மனம் வராது.

பயிற்சி: உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவர் சொல்லும் ஆற்று நினைவை அவர் பேசும் மொழியிலேயே பத்து வரிகளில் எழுதுக. துணியில் நீங்கள் வரையப்போகும் துண்டு அதிலிருந்தே பிறக்கட்டும்.