பந்தை அடிக்கும்போது உடல் நிமிர்வது ஏன்?

கேள்வி: கோல்ஃப் மட்டையை வீசி அடிக்கும் நேரத்தில் உடல் தானாக நிமிர்ந்துவிடுகிறது. எப்படித் தடுப்பது?
– ஒரு வாசகர், ஜாலான் புசார்

பதில்: உங்கள் வட்டாரத்துக்கு ஏற்ற கேள்வி! சிங்கப்பூரின் முதல் கோல்ஃப் கிளப் 1891-இல் தொடங்கியது பக்கத்து ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில்தான். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற சாலைப் பெயரில் அந்தத் திடலின் நினைவு இன்னும் இருக்கிறது.

சிக்கல் பெரும்பாலும் நிற்கும் நிலையிலேயே தொடங்குகிறது. முதுகைக் கூனாக்கிக் குனியாதீர்கள். முதுகு நேராக இருக்க, இடுப்பு மூட்டில் மடங்குங்கள். முழங்கால் லேசாகத் தளர்ந்தால் போதும். எடை பாதத்தின் நடுவில் இருக்கட்டும். மட்டை கீழே இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கி நகர்ந்தால், கை வீச இடமிருக்காது. உடல் எழும்பத்தான் செய்யும்.

இதற்கு வீட்டுச் சுவர் போதும். பிட்டம் சுவரைத் தொட நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மெதுவாகச் சுழலுங்கள். வலக்கையாளர் என்றால் பின்வீச்சில் வலப்பக்கமும், அடிக்கும் வீச்சில் இடப்பக்கமும் சுவரில் பட வேண்டும். மட்டை பிறகு வரட்டும். தலையை அசைக்கவே கூடாது என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. அது கழுத்தைத்தான் இறுக்கும். முதுகுவலி இருந்தால் முதலில் இயன்முறை சிகிச்சையாளரைப் பாருங்கள்.