சூட்டைத் தாங்கும் வர்ணம்

குளிர்ந்த காலையில் புறப்படும் காரின் பின்புறக் குழாயிலிருந்து நீர் சொட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது பெட்ரோல் எரிந்ததால் பிறந்த நீர். பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடி நீராவியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும்!

இந்த நீராவியையும் மற்ற எரிந்த வாயுக்களையும் எஞ்சினிலிருந்து முதலில் வாங்கிக்கொள்ளும் உறுப்பு மிகுந்த தொல்லைக்கு உள்ளாகிறது. பல கார்களில் இது வார்ப்பிரும்பால் ஆன கனமான உறுப்பாக இருக்கும். பந்தயக் கார்களிலும், விரும்பிப் புதுப்பிக்கப்படும் பழைய கார்களிலும் எஃகுக் குழாய்களை வளைத்துச் செய்த அமைப்பைப் பொருத்துவார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குழாய். அவையெல்லாம் பின்னர் ஒரே குழாயில் சேரும். இதற்கு 'எக்ஸாஸ்ட் ஹெட்டர்' என்று பெயர். இதன் சுவர் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பே இருக்கும். ஆகவே துருப்பிடிக்காதிருக்க இதன்மீது வர்ணமோ செராமிக் பூச்சோ இடுகிறார்கள். அப்படியும் சில ஆண்டுகளில் துரு தலைகாட்டுகிறது. ஏன்?

மூன்று பகைவர்கள்

முதற் பகைவன் வெப்பம். எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது வெளிவரும் வாயுவின் வெப்பநிலை 800° செ. அளவையும் எட்டலாம். அப்போது இரும்பு ஈரமின்றியே நேரடியாக ஆக்ஸிஜனுடன் கூடிச் செதிலாகும்.

இரண்டாம் பகைவன் ஈரம். எஞ்சின் நின்று குழாய் குளிர்ந்ததும் உள்ளே நீராவி நீராகப் படிகிறது. வெளியே மழைநீர் தெறிக்கிறது.

மூன்றாம் பகைவன் விரிவு. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயின் வெப்பநிலை 500° செ. உயர்ந்தால் அது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீள்கிறது. நாள்தோறும் நீண்டு சுருங்கும் குழாயின்மீதுள்ள பூச்சில் எங்கேனும் நுண்ணிய வெடிப்பு விழுகிறது. அதன் வழியே ஈரம் நுழைகிறது. துருவானது, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். எனவே அது பூச்சை அடியிலிருந்து நெம்பித் தூக்கிவிடுகிறது. மேலே ஒரு புள்ளியாகத் தெரியும் துரு, உள்ளே உள்ளங்கை அகலம் பரவியிருப்பது இதனால்தான்.

கேட்டுக்குப் பூசும் வர்ணம் போதாதா?

வீட்டு இரும்புக் கேட்டுக்கு முதலில் ரெட் ஆக்சைடு பிரைமரும், அதன்மேல் எனாமலும் பூசுகிறோம். இதையே ஹெட்டருக்குப் பூசினால் சில நிமிட ஓட்டத்திலேயே புகைந்து, கருகி, உதிர்ந்துவிடும். பிரைமரிலுள்ள செந்நிறத்தூள் கெடுவதில்லை. அது இரும்பு ஆக்சைடுதான். தூளைப் பிணைத்து நிறுத்தும் எண்ணெய்ப் பிசினே எரிந்துபோகிறது. அப்பிசின் கார்பன் அணுக்களின் சங்கிலியால் ஆனது. துத்தநாகத்தூள் கலந்த பிரைமரும் இங்கே உதவாது. துத்தநாகம் 420° செ. அளவிலேயே உருகிவிடும்.

இதற்கு விடை தந்தது சிலிக்கோன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிரெடரிக் கிப்பிங் என்னும் வேதியியலார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்தார். 1940-இல் அமெரிக்காவில் யூஜின் ராக்கோ இவற்றைப் பெருமளவில் செய்யும் வழியைக் கண்டார். சிலிக்கோனின் முதுகெலும்பு, சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாறி மாறி இணைந்த சங்கிலியாகும். ஆற்றுமணலில் இருப்பதும் இதே பிணைப்புத்தான். கார்பன்-கார்பன் பிணைப்பைவிட இது வலிமை மிக்கது. கடும் சூட்டில் பிசினின் கார்பன் பகுதி எரிந்து போனாலும், எஞ்சும் சிலிக்கா, அலுமினியத்தூளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இத்தகைய வர்ணம் 600° செ. வரை தாங்கும்.

பூசும் முறை

வர்ணம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அது ஒட்டியிருப்பது துருவின்மீதென்றால், துரு உதிரும்போது வர்ணமும் உதிரும். ஆகவே பாதிக்கு மேற்பட்ட வேலை பூசுவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும்.

குழாய் நன்றாக ஆறியபின் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் எஃகு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பட்டறையில் காற்றழுத்தத்தால் அலுமினியம் ஆக்சைடு தூளைப் பீச்சிச் சுரண்டுவது இன்னும் நல்லது. மணலைப் பீச்சினால் அதன் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும். எவ்வழியாயினும் கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். பிறகு தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதன்பின் வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையிலுள்ள உப்பே புதிய துருவுக்கு வித்தாகும்.

வர்ணத்தை மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். தடிப்பாகப் பூசினால், உள்ளே அடைபட்ட கரைப்பான் சூட்டில் ஆவியாகிக் கொப்புளம் எழுப்பும். காய்ந்தபின் 'சுட்டெடுத்தல்' உண்டு. 120°, 200°, 315° செ. எனப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் வைத்து, இடையிடையே ஆறவிடுவது ஒரு வழக்கமான முறை. டப்பாவில் அச்சிட்டிருக்கும் முறையே அந்த வர்ணத்துக்கு உரியது. பச்சை மண்பானை சூளையில் வெந்தபின் உறுதி பெறுவதைப் போல, இவ்வர்ணமும் வெந்த பிறகே முழு உறுதி பெறுகிறது. சமையல் அடுப்பை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. எஞ்சினை ஓட்டிச் சூடேற்றுவோர் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும்.

வர்ணம் செய்ய முடியாதது

வெளிப்புறத் துருவைத்தான் வர்ணம் தடுக்கும். உட்புறத்தில் ஈரமும் அமில வாயுக்களும் அரிப்பதை அது தடுக்காது. துளை விழுந்த குழாய்க்கு வர்ணம் பூசி மறைப்பது பேராபத்து. துளை வழியே கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். காருக்குள் அது நுழைந்தால், உள்ளிருப்பவர் அறியாமலே மயங்கி உயிரிழக்க நேரலாம். ஆகவே பூசுமுன் குழாயை மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். பூச்சு மட்டும் போயிருந்தால் வர்ணம் போதும். உலோகமே மெலிந்து உள்வாங்கினாலோ துளை தெரிந்தாலோ குழாயையே மாற்ற வேண்டும்.

செய்து பாருங்கள்

துருப்பிடித்த தகரத் துண்டு ஒன்றின் பாதியை உப்புத்தாளால் நன்கு தேய்த்துத் துடையுங்கள். மறுபாதியை அப்படியே விடுங்கள். தகரம் முழுவதும் ஒரே வர்ணத்தைப் பூசி, காய்ந்ததும் மழையிலும் வெயிலிலும் வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்துக் குறிப்பெழுதுங்கள். எப்பாதி முதலில் உப்பி உரிகிறது? ஏன்?