மழைக் கணக்கும் வடசென்னையும்

ஓர் ஊரில் எத்துணை மழை பெய்ததென்று திட்டமாக அறிய அவ்வூரில் மழைமானி ஒன்று இருத்தல் வேண்டும். அது இல்லாத ஊர்களோ பல. இராயபுரம் முதல் எண்ணூர் ஈறாகவுள்ள கரையில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் மீனவர் குப்பங்களும் நெருங்கியுள்ளன. அங்கே மழையின் அளவறியாது வடிகால் வெட்டினால் வெள்ளம் வீட்டினுட் புகும். ஆயின் நூறாண்டு மழைக் கணக்குத் தெருத்தோறும் எழுதிவைக்கப்படவில்லை. உள்ள கணக்கைக் கொண்டு இல்லாத இடத்தின் மழையை உய்த்துணருமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்விஷயத்தில் சென்னை பாக்கியம் பெற்ற நகரமாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தனர். அவ்வாண்டைக் குறித்துத் தமிழிலும் எழுத்துப் பொறித்த கருங்கற்றூண் இன்றும் அங்கே உள்ளது. 1796 முதல் வானிலைக் குறிப்புக்களும், 1813 முதல் மழையளவும் அந்நிலையத்தில் எழுதப்பட்டு வந்தன. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியபின், நாடெங்குமுள்ள கணக்குகள் ஓர் ஒழுங்கினுள் வரலாயின.

அத்துறையினர் 1901 முதல் 2010 வரையுள்ள தினசரி மழைக் குறிப்புக்களை 6,955 நிலையங்களிலிருந்து திரட்டி, 2014இல் புதியதொரு கணக்கை வெளியிட்டனர். புள்ளிக்கோலத்திற்குப் புள்ளி வைப்பதுபோல, தேசப்படத்தின்மேல் கால் பாகைக்கு ஒன்றாகப் புள்ளிகள் இட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு நாளின் மழையையும் கணித்தனர். இரு புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தூரம் உண்டு.

கணிக்கும் முறை யாதெனின், அருகிலுள்ள நிலையத்திற்கு மிகுந்த மதிப்பும், தொலைவிலுள்ளதற்குக் குறைந்த மதிப்பும் அளித்தலாம். ஷெப்பர்டு என்பவர் 1968இல் வகுத்த முறை இது. எளிய உதாரணம் ஒன்று காண்போம். ஒரு புள்ளிக்கு 10 கிலோமீட்டரில் உள்ள நிலையம் 80 மில்லிமீட்டரும், 20 கிலோமீட்டரில் உள்ளது 20 மில்லிமீட்டரும் காட்டுவதாகக் கொள்வோம். தூரம் இருமடங்காயின் மதிப்பு நாலில் ஒன்றாகக் குறையுமென்று வைத்தால், விடை 68 மில்லிமீட்டராகும். வெறுஞ் சராசரியோ 50 மட்டுமே.

கணிப்பதற்கு முன் குறிப்புக்களைச் சோதித்தல் இன்றியமையாதது. பழைய ஏடுகளில் மழை அங்குலத்தில் உள்ளது. 3.50 அங்குலம் என்பதை 3.50 மில்லிமீட்டர் என்று படியெடுத்துவிட்டால், 88.9 மில்லிமீட்டர் பெய்த பெருமழை வெறுந் தூறலாய்விடும். காலை எட்டரை மணிக்கு அளக்கும் மழை அன்றைய தேதியிற் பதியப்படினும், அதன் பெரும்பகுதி முந்திய நாளில் பெய்ததாக இருக்கலாம். நிலையம் இடம் மாறியிருப்பினும் கணக்குப் பிழைபடும்.

இனி வடசென்னைக்கு வருவோம். மேற்கூறிய புள்ளிகளுள் ஒன்று அடையாற்றின் பக்கத்தில் விழுகின்றது. அதற்கு வடக்கேயுள்ளது மணலிக்கும் மீஞ்சூருக்கும் இடையே விழுகின்றது. இராயபுரமும் திருவொற்றியூரும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. எண்ணூரோ வடபுள்ளிக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ளது. இவ்விடைவெளி சிறிதெனக் கருதற்க. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும் மழை பெய்தன. தாம்பரத்து மழைமானி இல்லாதிருந்து, நுங்கம்பாக்கத்து அளவைக் கொண்டே அங்குள்ள மழையைக் கணித்திருப்பின், உண்மையில் கணிசமான பகுதி மறைந்தே போயிருக்கும்.

ஆதலின் புள்ளிகளை நெருக்கி இடுவதனால் மட்டும் அறிவு பெருகிவிடாது. அளந்த இடங்கள் பெருகினாலன்றி நுண்மை தோற்றமேயாம். வடகரையில் மழைமானிகள் மிகுதல் வேண்டும்; பழைய ஏடுகள் செல்லரிக்குமுன் படியெடுக்கப்படுதல் வேண்டும். மாணவர்களாகிய நாம் கலாசாலை முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து, நாடோறும் ஒரே மணியில் அளந்து, மழையில்லா நாளிலும் சுழியம் என்று தவறாது எழுதிவருதல் எளிதன்றோ? எழுதாத நாள் மழையற்ற நாளோ, அளவாத நாளோ என்று பின்வருவோர் அறியார். நேர்மையாய் எழுதிய ஒரு சுழியமும் நூறாண்டு கழித்து ஓர் ஊரின் வடிகாலுக்கு உதவக்கூடும்.