பர்ஸில் லைசென்ஸ், மனசில் பயம்

சின்ன வயதில் பயத்திடமிருந்து தப்பி ஓட வழி கிடையாது. பெரியவர்களுக்கு நூறு வழி இருக்கிறது. வளர்ந்த பிறகு பயம் கெட்டிப்பட்டுப் போவதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியபோது எனக்குச் சாக்குச் சொல்லத் தெரியாது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மேல்படியில் நிறுத்துவார்கள். தொடை நடுங்கும். "மாமன் கீழதான் இருக்கறேன் கண்ணு, குதி" என்று தண்ணீருக்குள்ளிருந்து மாமா கூப்பிடுவார். என் வயசுப் பிள்ளைகள் தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டிருப்பார்கள். அழுதுகொண்டேதான் குதித்தேன். மூக்கில் தண்ணீர் ஏறும், மாமாவின் கை பிடிக்கும், மறுபடி படியேறுவேன். கோடை லீவு முடிவதற்குள் குடுக்கை இல்லாமல் நீந்தினேன்.

முப்பதைத் தாண்டிக் கார் பழகியபோது கதையே வேறு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பயிற்சியாளர் பக்கமும் பிரேக், கிளட்ச் உண்டு. அந்தத் தெம்பில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். சொந்தக் காரில், காந்திபுரம் மேம்பாலம் ஏறும்போது வண்டி ஆஃப் ஆகிப் பின்னால் நகர்ந்தது. முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன். அதோடு சாவியைத் தொடவில்லை. "பார்க்கிங் கிடைக்காது", "ஆட்டோதான் சௌகரியம்" என்று யாரும் மறுக்க முடியாத காரணங்கள் வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவை தவிர்க்கும்போதும் உடனே ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி.

மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் மாமா செய்தது எனக்குப் புரிந்தது. பீட்டர் என்று அவர் குறிப்பிடும் சிறுவனுக்கு முயல் என்றால் பயம். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது கூண்டு முயலைத் தள்ளி வைத்து, அவன் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் கூட விளையாட விட்டார். நடுவில் ஒரு பெரிய நாய் மிரட்டியதில் பழைய பயம் திரும்பியது. மறுபடி தொடங்கினார்கள். முடிவில் பையன் முயலைக் கொஞ்சினான்.

ஆக, படியும் வேண்டும், துணையும் வேண்டும். பெரியவர்களுக்கு அந்தப் படிகளை யாரும் கட்டித் தரமாட்டார்கள். ஞாயிறு விடிகாலையில், வீடுகள் எழும்பாத லே-அவுட் சாலையில் ஆரம்பித்தேன். பிறகு கடைத்தெரு. பிறகு எதிரே வரும் வண்டிகளைக் கடந்து வலப்பக்கம் திரும்புவது. மேம்பாலம் கடைசி. படபடப்பு தானாக அடங்கும்வரை அதே படியில் நின்றேன். அது உச்சத்தில் இருக்கும்போதே வீடு திரும்பினால் அடுத்த தடவை இரட்டிப்பாகிவிடும்.

விபத்து, ஆஸ்பத்திரிச் செலவு, நம்மை நம்பியிருக்கும் குடும்பம் என்று குழந்தைக்குத் தெரியாததெல்லாம் நமக்குத் தெரியும். அதனால் நம் பயத்தில் பாதி நியாயமானது. அதற்கு மருந்து கைப்பழக்கம். ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்துக் கிளட்சை மெல்ல விட்டால், இன்ஜின் சத்தம் கனத்து பானட் லேசாக நிமிரும். அப்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் போகாது. இது கைக்கு வந்ததும் மேம்பாலம் மேம்பாலமாக மட்டும் தெரிந்தது.

துணையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. பக்கத்தில் உட்கார்ந்து பதறுகிறவரும் குறை சொல்கிறவரும் வேண்டாம். எனக்கு மேல்வீட்டு அக்கா வாய்த்தார். "ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், நீ நிதானமா எடும்மா" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

தூக்கம் கெட்டு, அன்றாட வேலையே முடங்குகிற அளவுக்குப் பயம் இருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அவர்களும் பெரும்பாலும் இப்படிப் படிப்படியாகப் பழக்குவார்கள்.

வீட்டில் யாராவது தன் பயத்தை வாய்விட்டுச் சொன்னால், "இந்த வயசில் இதுக்குப் போயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து சீட்டில் போய் உட்காருங்கள்.