நம்ம புள்ள எப்ப நடக்கும்?



கிளினிக் நாளில் நிறை பார்க்கும் வரிசையில் நிற்கும்போது தாய்மார் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "ஒங்க புள்ளைக்கு எத்தன மாசம்? உக்காருதா? பல்லு வந்துருச்சா?" என்றுதான் பேச்சு தொடங்கும். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் பதில் சொல்ல வேண்டிய தாயின் பிள்ளை இன்னும் உட்காரவில்லை என்றால் அவளுடைய முகம் வாடிவிடுகிறது. "எதிர்க் காம்பரா புள்ள தவழுது, நம்ம புள்ள போட்ட எடத்துலயே கெடக்குதே" என்று இரவில் தூங்காமல் அழும் தாய்மாரும் இருக்கிறார்கள்.

ஊசி, போஷாக்கு, நிறை ஆகியவற்றைப் பற்றி எவ்வளவோ சொல்கிறோம். பெற்றோரின் மனக்கவலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்தக் கவலையை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பது பிள்ளையின் வளர்ச்சியையும் பாதிக்கும். எனவே இந்தப் பாடம் அதைப் பற்றியது.

ஒரே மலையிலும் எல்லாச் செடியும் ஒரே நாளில் துளிர்க்காது

கவ்வாத்து வெட்டிய மலையைப் பாருங்கள். ஒரே நாளில் வெட்டிய செடிகள்தான். ஆனாலும் ஒன்று முந்தித் துளிர்க்கும், பக்கத்துச் செடி பிந்தித் துளிர்க்கும். பிள்ளைகளும் அப்படித்தான்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமான், கானா, நோர்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, அந்த விபரங்களை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன்படி சுகமான பிள்ளைகள்:

பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தது – சுமார் 4 மாதம் முதல் 9 மாதம் வரை.
கை, முழங்கால் ஊன்றித் தவழ்ந்தது – 5 மாதம் முதல் 13½ மாதம் வரை.
தனியாக நின்றது – 7 மாதம் முதல் 17 மாதம் வரை.
தனியாக நடந்தது – 8 மாதம் முதல் 17½ மாதம் வரை.

ஒரு பிள்ளை 9 மாதத்தில் நடக்கும், இன்னொரு பிள்ளை 16 மாதத்தில் நடக்கும். இரண்டும் நல்ல பிள்ளைகளே. 100 பிள்ளைகளில் சுமார் 4 பிள்ளைகள் முழங்கால் ஊன்றித் தவழாமலேயே நடக்கத் தொடங்கினார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. ஆகவே "தவழாத புள்ளைக்கு ஏதோ கொற இருக்கு" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

மாதம் குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு இன்று 8 மாதம் என்றால், 6 மாதப் பிள்ளை செய்வதைத்தான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

அவசரப்படுவதால் வரும் கேடு

பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து மனம் பொறுக்காமல் சிலர் சக்கரம் பூட்டிய வாக்கரை வாங்கி அதில் பிள்ளையை உட்கார வைக்கிறார்கள். இதனால் பிள்ளை சீக்கிரம் நடக்காது. நடப்பது தாமதமாகவும் கூடும். படியில் உருண்டு விழவும், அடுப்பின் பக்கம் போய்ச் சுட்டுக்கொள்ளவும் இடமுண்டு. கனடா நாட்டில் 2004ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். லயத்துக் காம்பராவில் அடுப்பும் வாசற்படியும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். சுத்தமான பாயை விரித்துப் பிள்ளையைத் தரையில் விளையாட விடுங்கள். அதுவே போதும்.

"நான் மலைக்குப் போனதாலதான்"

பிள்ளை பிந்தினால் தாய் முதலில் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறாள். "பால்குடிப் புள்ளைய விட்டுட்டுக் கொழுந்துக்குப் போனேன், அதான் இப்பிடி" என்கிறாள். தாய்மாரே, நீங்கள் வேலைக்குப் போவதால் பிள்ளையின் கால் பின்தங்குவதில்லை. பசிக்கு உணவும், பேச ஆளும், விளையாட இடமும் கிடைத்தால் பிள்ளைக்காம்பராவிலும் பிள்ளை நன்றாக வளரும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பதைப் பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர் பார்க்கிறார், பெற்ற தாய் பார்ப்பதில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு ஓடி வரும்போது, "ஒங்க மகன் இன்னிக்கி மூணு எட்டு வச்சான்" என்று சொல்கிறார்கள். சந்தோஷம்தான், ஆனாலும் நெஞ்சில் ஒரு குத்து. இது பொறாமை அல்ல, வெட்கப்பட வேண்டிய விடயமும் அல்ல. பொறுப்பாளரோடு கோபிக்காமல், ஒவ்வொரு நாளும் மாலையில் "இன்னிக்கி என்ன புதுசா செஞ்சான்?" என்று கேளுங்கள். நீங்கள் வீட்டில் கண்டதையும் அவரிடம் சொல்லுங்கள். இருவரும் கண்டதைச் சேர்த்தால்தான் பிள்ளையைப் பற்றி முழுமையாகத் தெரியும்.

ஆறுதல் வார்த்தையிலும் ஆபத்து உண்டு

கவலைப்படும் தாயிடம் வீட்டுப் பெரியவர்கள், "ஒன் புருசனும் மூணு வயசுலதான் பேசுனான், சும்மா இரு" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பேசாத ஒரு பிள்ளைக்குக் காது கேளாமல் இருந்தால் என்ன செய்வது? காது கேட்காத பிள்ளையும் சிரிக்கும், தவழும், நடக்கும். பேச்சு மட்டும் வராது. மூன்று வயது வரை சும்மா இருந்தால், பேச்சைப் பிடித்துக்கொள்ளும் நல்ல காலம் கையை விட்டுப் போய்விடும். காதுப் பரிசோதனையைப் பிறந்த குழந்தைக்கும் செய்யலாம். நேரத்தோடு கண்டுபிடித்துக் கருவி பொருத்தினால் அந்தப் பிள்ளையும் பேசப் பழகும்.

வெட்கத்தினால் மறைப்பவர்களும் உண்டு. "லயத்துல கத கட்டுவாங்க" என்று பிள்ளையை வெளியே காட்டாமல் வைத்திருக்கிறார்கள். கண்ணூறு கழிக்க விரும்பினால் கழியுங்கள். ஆனால் கிளினிக்குக்குப் போவதை அதற்காக நிறுத்த வேண்டாம். ஊர்ப்பேச்சு ஒரு மாதத்தில் அடங்கிவிடும். பிள்ளை இழந்த காலத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

1. 3 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், பெரிய சத்தத்துக்கும் திடுக்கிடாவிட்டால்.
2. 4 மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டால்.
3. 9 மாதம் முடிந்தும் தானாக உட்காராவிட்டால்.
4. 12 மாதம் முடிந்தும் "பாபா, மாமா" என்று மழலை பேசாவிட்டால், கையை நீட்டிக் காட்டவோ டாட்டா காட்டவோ செய்யாவிட்டால்.
5. 18 மாதம் முடிந்தும் நடக்காவிட்டால், ஒரு சொல்லாவது சொல்லாவிட்டால்.
6. 2 வயதிலும் "பால் தா" என்பது போல இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாவிட்டால்.
7. எந்த வயதிலும், முன்பு செய்ததை இப்போது செய்யாவிட்டால், ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பாவித்தால், உடம்பு விறைத்தோ துவண்டோ இருந்தால்.

இதில் ஒன்று இருந்தால் உடனே நோய் என்று பயப்பட வேண்டாம். காட்ட வேண்டும் என்பதே பொருள். அடுத்த ஊசி நாள் வரை பார்த்திருக்காமல் மருத்துவமாதுவிடமோ தோட்ட வைத்திய உதவியாளரிடமோ சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் பிள்ளை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினாலும் உங்கள் மனம் ஆறாவிட்டால் திரும்பவும் போய்க் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

தகப்பன்மாருக்கு

பிள்ளை பிந்தினால் தாயின் மேல் பழி போடாதீர்கள். கிளினிக்குக்குக் கூடப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால், வேலை முடிந்து வந்து அரை மணித்தியாலமாவது பிள்ளையை மடியில் வைத்துப் பேசுங்கள். கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை பேச்சுப் பழகாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதைக் காட்டவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

உணவையும் கவனியுங்கள். 6 மாதம் முடிந்த பிள்ளைக்கு முட்டை, நெத்தலி, ஈரல், பயறு, கீரை ஆகியவற்றை மசித்துக் கொடுங்கள். இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், விளையாடாது. போத்தலில் தேத்தண்ணி கொடுக்க வேண்டாம். உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை நிறை பார்க்கும் நாளில் மட்டும் எடுக்காதீர்கள். சிரித்த நாள், உட்கார்ந்த நாள், முதல் சொல் சொன்ன நாள் எல்லாவற்றையும் அதில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். போன மாதம் உங்கள் பிள்ளை என்ன செய்தது, இந்த மாதம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் கலந்துரையாட:

1. "ஒங்க புள்ள இன்னும் நடக்கலையா?" என்று யாராவது கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
2. கவலையோடு இருக்கும் தாய்க்கு மாமியாரும் கணவரும் எந்த வகையில் உதவலாம்?
3. உங்கள் பிள்ளை கடந்த ஒரு மாதத்தில் புதிதாகச் செய்தது என்ன?

கூட்டத்துக்கு வரும்போது பதிவேட்டையும் கொண்டு வாருங்கள். மனதில் இருக்கும் சந்தேகத்தை எல்லோர் முன்னும் கேட்கக் கூச்சமாக இருந்தால், கூட்டம் முடிந்த பின் எமது நலன்புரி உத்தியோகத்தரிடம் தனியாகக் கேட்கலாம்.