தோட்டத்துக் காவலர்

வீட்டுக் கொல்லையில் அவரை பயிரிடுவோர், ஒரு நாள் அக்கொடியின் தளிரிலும் பூங்கொத்திலும் கருநிறப் பூச்சிகள் மொய்த்திருக்கக் காண்பர். அவை அசுவினிகள் எனப்படும். அவை கூட்டமாக அமர்ந்து சாற்றினை உறிஞ்சுவதால் தளிர் சுருளும், பூ உதிரும். பெண் அசுவினி, ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனும் இயல்புடையது. அக்குஞ்சுகளும் சின்னாளில் வளர்ந்து ஈனத் தொடங்கும். ஆதலின் இரண்டொரு கிழமைக்குள் அவை கொடி முழுவதும் பரவிவிடுகின்றன. இதனைக் கண்டு மனங்கலங்குவோர் உடனே நச்சு மருந்தைத் தேடி ஓடுவர். அதற்கு முன்னர் அக்கொடியைச் சற்றே உற்று நோக்குதல் வேண்டும்.

அசுவினிகளின் நடுவே செம்மஞ்சள் முதுகில் கரிய கோலம் வாய்ந்த பொறிவண்டு ஊர்ந்து திரியும். அது அசுவினிகளையே உணவாகக் கொள்வது. அதன் புழுப்பருவமோ வண்டின் வடிவினின்றும் பெரிதும் வேறானது. கருநிறமும் நீண்ட உடலும் உடையது. அப்புழுவும் அசுவினிகளைத் தின்று உதவி புரிவதே. அறியாதார் அதனைத் தீய புழுவென்று எண்ணி நசுக்கிவிடுவர். தம் தோட்டத்தைக் காக்க வந்த காவலனைத் தாமே கொன்றவராவர். இலையின்மேல் மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் சிறு முட்டைகள் நிற்பதும் உண்டு. அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். அவற்றினின்று வெளிவரும் புழுக்களும் அசுவினிகளை வேட்டையாடுவனவே. சிலந்தி, தேரை, கரிச்சான் ஆகியவையும் இத்தகைய காவலரே ஆவர்.

நச்சு மருந்து பகைவர் இவர், நண்பர் இவர் எனப் பிரித்தறிவதில்லை. அது இருவரையும் ஒருங்கே அழிக்கும். எஞ்சிய சில அசுவினிகள் விரைவில் பெருகிவிடும். அவற்றைத் தின்னும் பொறிவண்டுகளோ அவ்வளவு விரைவில் பெருகா. அதனால் முன்னினும் மிகுதியாகத் தொல்லை தோன்றும். மீண்டும் மருந்து தெளிக்க நேரும். நாளடைவில் அம்மருந்தைத் தாங்கும் ஆற்றலையும் பூச்சிகள் பெற்றுவிடுகின்றன.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டு உழவர் நேரில் கண்டதுண்டு. 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களைப் புதியதொரு மாவுப்பூச்சி தாக்கியது. அது மெக்சிகோ, நடு அமெரிக்கா ஆகிய நிலப்பகுதிகளுக்கு உரியது. பப்பாளியேயன்றி மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களிலும் அது பரவியது. உழவர் பல மருந்துகளைத் தெளித்தும் பயன் விளையவில்லை. பூச்சியின் உடலை மூடியிருந்த வெண்ணிற மெழுகுப் பூச்சு மருந்து உள்ளே செல்லாதபடி தடுத்தது. மல்பெரித் தோட்டத்தாரின் துன்பமோ இருமடங்காயிற்று. நஞ்சு படிந்த இலையை உண்டால் பட்டுப்புழு மடியுமன்றோ?

அயல்நாட்டிலிருந்து வந்த அப்பூச்சியுடன் அதன் இயற்கைப் பகைவர் வாராமையே இவ்வளவு கேட்டிற்கும் காரணம் என்பதை அறிஞர் உணர்ந்தனர். ஆகவே 2010ஆம் ஆண்டு போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வருவிக்கப்பட்டன. பிற உயிர்களுக்கு அவை தீங்கு செய்யுமோ என்று பெங்களூரில் ஆராய்ந்த பின்னரே தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றுள் சிறந்து விளங்கிய குளவி ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாதது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையினின்று வரும் புழு அப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெற்றுக்கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளியேறும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இக்குளவிகளைப் பெருக்கி உழவர்க்கு வழங்கியது. மருந்தால் அடங்காத மாவுப்பூச்சி, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத குளவியால் அடங்கியது.

எனினும் காவலர் உளர் என்று தோட்டக்காரர் வாளாவிருத்தல் கூடாது. நாள்தோறும் இலைகளின் அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும். புழுக்களின் முட்டைக் குவியலைக் கண்டவுடன் அவ்விலையைக் கிள்ளி அழித்தல் வேண்டும். அசுவினிகளை நீரை வேகமாகப் பீச்சியே வீழ்த்தலாம். தக்காளிப் பாத்தியைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதன் பூக்களை நாடி முட்டையிடும். அம்மொட்டுகளைப் பறித்து அழித்தல் எளிது.

இவற்றிற்கும் அடங்காதபோது வேம்பு கைகொடுக்கும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். அதிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சிகளின் பசியைக் கெடுப்பதோடு, அவை தோலுரித்து வளர்வதையும் தடுக்கும். வெயிலில் அதன் ஆற்றல் குன்றுமாதலின் மாலையில் தெளிப்பதே தக்கது. வேம்பும் மருந்தேயாதலின், துன்புற்ற செடிக்கு மட்டும் அளவறிந்து பயன்படுத்துதல் வேண்டும்.

பூச்சி என்றவுடன் கொல்லத் துணிதல் அறிவுடைமையாகாது. அது யாது, எதனை உண்பது என்று முதலில் அறிதல் வேண்டும். அங்ஙனம் அறிந்து காவலரைக் காப்பவர் தோட்டத்தில் நஞ்சில்லாத காய்கள் விளையும். அவற்றை உண்ணும் குழந்தைகளும் நலமுற்று வாழ்வர்.