மாசி, பங்குனியில் தோட்டம் பார்க்கக் கிளம்புகிறீர்களா?

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மரங்கள் அதுவரை பொறுப்பதில்லை. மாசியில் இலை கொட்டிய புங்கன், பங்குனியில் பளபளவென்று தளிர் விட்டு நிற்கும். மாவும் முந்திரியும் அதற்கு முன்பே பூத்துவிடும். பூப்பார்க்க ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் ஓடுகிறோம். தெரிந்தவர் கொல்லையில், வளர்த்தவரே ஒவ்வொரு மரமாகக் காட்டிக் கதை சொல்லச் சொல்ல நடக்கிற சுகம் அங்கே கிடைக்காது. அப்படிப் போய்வர எனக்கு உதவியவை இவை.

1. காலை ஆறரைக்குள் தோட்டத்தில் இருங்கள். இலுப்பைப்பூ விடியலில்தான் உதிரும். அந்த வாசனை வெயில் ஏறினால் போய்விடும். பத்தரைக்குமேல் நிழல் தேடித்தான் உட்கார வேண்டியிருக்கும்.

2. வெறுங்கையோடு போகாதீர்கள். பழம், பலகாரத்தைவிட உங்கள் வீட்டு விதை ஒரு பிடி கொண்டுபோனால் தோட்டக்காரர் முகம் மலரும். அவரை, பூசணி, சுரை என்று தனித்தனிக் காகிதத்தில் மடித்துப் பெயர் எழுதிக் கொடுங்கள். உள்ளே போனதும் படலை மறக்காமல் சாத்துங்கள். திறந்துவிட்டால் ஆடு புகுந்து, ஒரு வருஷப் பாட்டை ஒரு நிமிஷத்தில் மேய்ந்துவிடும்.

3. பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் காட்டில் இந்த மாதங்களில் நிலம் வெடித்துக் கிடக்கும். குழந்தைகளுக்குச் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போட்டுக் கூட்டிப் போங்கள்.

4. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் செம்மண் நிலமெல்லாம் முந்திரிக்கொல்லைதான். ஒருமுறையாவது பார்த்தே ஆகவேண்டும். சின்னச் சின்னதாய் வெளிர் பூ, அதில் இளஞ்சிவப்புக் கீற்று. முதலில் கொட்டைதான் பிடிக்கும். அதற்குப் பிறகே அதன் காம்பு ஊதிப் பழமாகும். பழத்துக்கு வெளியே கொட்டை தொங்குவதற்குக் காரணம் இதுதான். குழந்தைகளுக்கு இதைக் காட்டிப் பாருங்கள், கேள்விமேல் கேள்வி வரும்.

அறுவடை நாளில் மரத்தடியைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். விழுந்து கிடக்கும் கொட்டை அவர்கள் வருமானம். கேட்காமல் எடுக்கக் கூடாது. பச்சைக் கொட்டையைப் பல்லால் கடிக்கவே கூடாது. தோட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும். கையில் பட்டுவிட்டால் உடனே தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்பாகக் கொடுத்த பச்சைக் கொட்டையை வீட்டு அடுப்பில் வறுக்கவும் வேண்டாம். அந்தப் புகையே கண்ணையும் தோலையும் பதம் பார்க்கும். பழத்தை வில்லையாக நறுக்கி உப்புத் தூவிச் சற்று வைத்துச் சாப்பிட்டால் தொண்டைக் கரகரப்பு குறையும். அதன் சாறு துணியில் பட்டால் கறை லேசில் போகாது. பழைய உடுப்பே போதும்.

5. கங்கைகொண்ட சோழபுரத்தையும் தோட்டப் பயணத்தில் சேர்க்கலாம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலைச் சுற்றித் தொல்லியல் துறை பேணும் புல்வெளிமேல் காலை வெயில் விழும் அழகே தனி. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கோயில் இது. பதினொரு மணிக்குள் கல்தரை கொதிக்கத் தொடங்கும். பையில் ஆளுக்கொரு ஜோடி தடித்த சாக்ஸ் இருந்தால் பிராகாரத்தைத் துள்ளாமல் சுற்றிவரலாம்.

6. கரைவெட்டி ஏரிக்குப் பறவை பார்க்கப் போவதானால் மாசிக்குள் போய்விடுங்கள். வலசை வந்த வாத்துக்கூட்டம் கோடை வெயில் ஏறியதும் திரும்பிவிடும். 2024இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஏரி இது. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம்.

7. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. பூக்கும் தாவரங்கள் பூமியில் பரவுவதற்கு முந்தைய, பூக்காத இனத்து மரம் அது. காலையெல்லாம் பூவாகப் பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். பூ இல்லாத காடு எப்படி இருந்திருக்கும் என்று மனசு தானாக யோசிக்கும். அங்கே நிழல் குறைவு. குடை அவசியம்.

8. கட்டுச்சோற்றுக்குத் தயிர்சாதம் கிளறும்போது, குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். மதியத்துக்குள் பக்குவமாக உறைந்திருக்கும், புளிக்காது.

9. வேப்பம்பூ சேகரிக்க, முதல்நாள் மாலையே மரத்தடியில் பழைய புடவையை விரிக்கச் சொல்லுங்கள். விடிந்ததும் மண் ஒட்டாத பூ கிடைக்கும். நிழலில் சருகாகக் காயவைத்துப் பாட்டிலில் போட்டால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆச்சு. சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

10. செடி கேட்க அவசரப்படாதீர்கள். நன்றாகப் பார்த்து, நன்றாகக் கேட்டுக்கொண்டால், கிளம்பும்போது அவர்களே, "இந்தா, ரெண்டு கிளை எடுத்துட்டுப் போ" என்பார்கள். செம்பருத்தி, நந்தியாவட்டைக்குப் பென்சில் பருமனில் கிளையைச் சாய்வாக வெட்டி, ஈரத்துணி சுற்றி, மேலே வாழையிலையால் பொதியுங்கள். கார் டிக்கியில் போட்டால் வெந்துவிடும், காலடியில் வையுங்கள். மாலையில், மணல் கலந்த செம்மண்ணில், பாதிக் கிளை புதையும்படி நட்டு, தளிர் வரும்வரை நிழலில் விடுங்கள். முருங்கைப் போத்தாக இருந்தால் இரண்டு நாள் நிழலில் கிடத்திவிட்டு, மேல்நுனியில் சாணம் அப்பி நடுங்கள்.

11. தொட்டியில் செடியின் பெயரோடு கொடுத்தவர் பெயரையும் எழுதிவையுங்கள். எங்கள் மாடியில் "செந்துறை அக்கா செம்பருத்தி" ஒன்று இருக்கிறது. முதல் பூ பூத்த அன்று போன் செய்தேன். "அடுத்த மாசியில வா, அடுக்குச் செம்பருத்தியும் தர்றேன்" என்றார்.